பதினொரு வாரம், தொள்ளாயிரம் ஜன்னல்

வர்த்தக சபைக்கு ஆண்டுச் சந்தா
நூற்றெண்பது யூரோ.
ஆறு வருஷமாகக் கட்டுகிறேன்.
கைக்கு வந்தது
கப்பல் படம் போட்ட நாட்காட்டி,
மாதம் ஒரு செவ்வாய், காலை எட்டுக்கு
ஆறிப்போன காபி,
பெயரட்டை முப்பது நாற்பது.
அதில் மூன்று என்னுடையவையே,
ஊரைச் சுற்றித் திரும்பி வந்தவை.

நான் விற்பது ரப்பர் பட்டை.
ஜன்னலுக்கும் சட்டத்துக்கும் நடுவே
படுத்துக்கிடக்கும் கறுப்புக் கோடு.
யாரும் பார்ப்பதில்லை.
லீபாயாவில் காற்றுக்குப் பஞ்சமில்லை;
கடலிலிருந்து வரும், கதவைத் தட்டாது.

ஊரில் ஜன்னல் செய்பவர் இருவர்.
கால்வாய்க்கு இந்தப் பக்கம் வில்னிஸ்.
அந்தப் பக்கம் குந்தார்ஸ்.
இருவரும் பட்டை வாங்குவது என்னிடம்.
இருவரும் கேட்பது ஒரே கேள்வி:
'அவனுக்கு என்ன விலை?'
ஒரே விலை என்றால்
இருவருமே நம்புவதில்லை.

செவ்வாய்க்கிழமை காபிக்கு
ஒருவர் ஜன்னலோரம், ஒருவர் வாசலோரம்.
நடுவில் எங்கள் எல்லாருடைய நாற்காலிகளும்.

அந்த மார்ச்சில்
சபைச் செயலாளர் ஸ்கைத்ரீதே
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வாசித்தார்:
பெர்கனில் மாணவர் விடுதி.
தொள்ளாயிரம் ஜன்னல். பதினொரு வாரம்.
அந்த ஊர்ச் சபை நம்மைக் கேட்கிறது,
உங்களில் யாரால் முடியும்?

வில்னிஸ் மேஜைக்கடியில் விரல்விட்டு எண்ணினார்.
குந்தார்ஸ் காபியில் சர்க்கரை போட்டார்,
அவருக்குச் சர்க்கரை நோய்.
ஒருவரால் ஐந்நூறு முடியும்,
மற்றவரால் நானூற்றைம்பது.
கூட்டல் எல்லாருக்கும் தெரியும்,
வாய்விட்டுச் சொல்லத்தான் ஆளில்லை.

தனிமரம் தோப்பாகாது என்பார்கள்.
இவர்களோ தோப்பை அறுத்துப் பிழைப்பவர்கள்.

ஸ்கைத்ரீதே உபதேசம் செய்யவில்லை.
ஒற்றுமை என்ற சொல்லையே எடுக்கவில்லை.
தொலைபேசியை எடுத்தார்.
பெர்கனில் ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு
முதலில் மகனின் கால்முறிவை விசாரித்தார்.
பிறகு: வாங்குகிறவர் பணம் தருவாரா?
தருவார், நாற்பதாம் நாள்.
மழைச் சோதனை உண்டா?
உண்டு. இங்கே மழை பக்கவாட்டில் பெய்யும்.
அடுத்து தொழிற்கல்லூரி முதல்வர்:
உங்கள் சோதனைக் கூண்டு
சனிக்கிழமைகளில் சும்மாதானே நிற்கிறது?
அடுத்து வங்கி:
நாற்பது நாளைத் தாண்ட ஒரு பாலம் வேண்டும்.
மூன்று அழைப்பு, இருபது நிமிஷம்.
நான் தனியாக இறங்கியிருந்தால்
முதல் கேள்விக்கே மின்னஞ்சல் அனுப்பிவிட்டுக்
கொக்காகக் காத்துக்கிடந்திருப்பேன்.

என் சந்தா எங்கே போகிறதென்று
அன்றைக்குத்தான் பார்த்தேன்:
யாரோ ஒருவர் மகனின் கால்
எந்த மாதம் முறிந்தது என்பதை
இன்னொருவர் நினைவில் வைத்திருப்பதில்.

சனிக்கிழமை, கூண்டுக்குள்
இரண்டு ஜன்னலும் பக்கம் பக்கமாக.
தண்ணீரைப் பீய்ச்சினார்கள்.
வில்னிஸுடையது தாங்கியது.
குந்தார்ஸுடையது கீழ்மூலையில் கசிந்தது,
ஒரே ஒரு சொட்டு.
இருவர் பணமும் அந்தச் சொட்டில் தொங்கியது.
வில்னிஸ் குனிந்து பார்த்தார். பல்லைக் கடித்துக்கொண்டு,
'மூலையில் பட்டையை வெட்டாதே, வளை' என்றார்.

பதிலுக்குக் குந்தார்ஸ்
தன் வண்ணம் நாலு மணியில் காயும் ரகசியத்தைச்
சொல்லவில்லை.
இரண்டு வாரம் கழித்துச் சொன்னார்,
வில்னிஸின் கூடத்தில்
ஈரச் சட்டங்கள் வாசல்வரை குவிந்தபோது.

பத்தாம் வாரம் வியாழக்கிழமை கப்பல் ஏற்றினோம்.
நாற்பத்து மூன்றாம் நாள் பணம் வந்தது.

சிநேகிதர் ஆகிவிட்டார்கள் என்று நினைத்தால் தப்பு.
செப்டம்பரில் மருத்துவமனை டெண்டர்.
இருவரும் போட்டார்கள்.
விலை முன்னைவிடக் குறைவு,
ஜன்னல் முன்னைவிட இறுக்கம்,
வித்தியாசம் நூற்றுப்பத்து யூரோ.
தோற்றவர் யாரென்று சொல்லமாட்டேன்,
இருவருமே வாடிக்கையாளர்.

மறுபடி செவ்வாய்க்கிழமை.
ஒருவர் ஜன்னலோரம், ஒருவர் வாசலோரம்.
வெளியே காற்று.
சபையின் பழைய ஜன்னல் மெல்ல விசிலடித்தது.
இருவரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள்.
பட்டை தேய்ந்திருந்தது.
பிறகு
இருவரும் என்னைப் பார்த்தார்கள்.